பிரிஜித்தின் திருநாள்

8 அக்டோபர் 2025, புதன்.

சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தம்மாளின் திருநாள், கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய நாட்காட்டிப்படி இன்று; 1969 திருத்தத்துக்குப் பின் ஜூலை 23. அப்பெயரைத் தாங்கிய என் மனைவி, தன் தாய் கொண்டாடிய பழைய நாளையே விரும்பினாள். நாற்பத்தொரு ஆண்டுகளும் நான் இணங்கவில்லை, ஜூலையிலேயே கொண்டாடினோம். சென்ற மே மாதம் அவளை அடக்கம் செய்தோம்.

இன்று பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் பலகாரக் கடை நடத்தும் யாழ்ப்பாணத்து அம்மையார் கேட்டார்:

"அம்மா வரேல்லையோ ஐயா? வருசா வருசம் இண்டைக்கு எங்களுக்கெல்லாம் கேக் வெட்டித் தருவா. 'அவரிட்டைச் சொல்லிப்போடாதை, திகதி பிழையெண்டு கேக்கைத் திருப்பிக் குடுத்திடுவார்' எண்டு சிரிப்பா."

இறந்த செய்தியைச் சொன்னேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவள் இன்று உயிரோடிருந்து எனக்கும் ஒரு துண்டு நீட்டியிருந்தால், முதலில் தேதியைத்தான் திருத்தியிருப்பேன்.