ஏரி வலப்பக்கம்

ஜூன் 3

அன்புள்ள பல்லழகிக்கு,

நலம் என்று எழுதினால் நம்ப மாட்டாய். நலமில்லை என்று எழுதினால் நடிப்பு என்பாய். அதனால் அந்த வரியையே விட்டுவிட்டேன். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அடியில் வைத்திருக்கும் வாளியைத் தினமும் நான்தான் மாற்றுகிறேன்.

நீ கோபித்துக்கொண்டு உன் தங்கை வீட்டு மாடி அறைக்குப் போய் நாலு மாதம். புதுக் கிளையை நீயே பார்த்துக்கொள் என்று முதலாளி மறுபடி கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். மாதக் கடைசிக்குள் பதில் சொல்லணுமாம். அந்தக் கிளை இருக்கும் ஊர் இன்னும் தள்ளி. அங்கே போய்விட்டால் நீ வீட்டுக்குத் திரும்ப மாட்டாய் என்று எனக்குப் பயம். பல் செட் செய்கிற லேபுக்குக் கிளை எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. எழுதியபிறகு இதுவும் தப்பாகப் படுகிறது. அடிக்காமல் விடுகிறேன்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு தடவை என்னோடு நடக்க வா. பழைய ஞாயிற்றுக்கிழமைகள் மாதிரி, பஸ்ஸில் போய், ஏரியைச் சுற்றி, பஸ்ஸிலேயே திரும்பலாம். நாணல் ஏரிக்கும் விமானச் சத்த ஏரிக்கும் போனோமே, அவற்றைவிட இது சுலபம். ஏற்றமே கிடையாது. பாதை அகலம், உன் முழங்கால் முனகாது. ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம். நம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது.

எல்லாம் பார்த்துவிட்டேன். பதினைந்தாம் தேதி காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறு. ஜங்ஷனில் இறங்கி அடுத்த பஸ். படகுத்துறை நிறுத்தத்தில் இறங்கு, முன்வாசல் வழியாக. நான் அங்கே நிற்பேன். அங்கே போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து முதலில் தண்ணீர் குடி. பிறகு நடக்கலாம்.

உன்
டைம்டேபிள்


ஜூன் 7

டைம்டேபிளாருக்கு,

தண்ணீர் குடிப்பதற்கும் நேரம் குறித்திருக்கிறீர்கள். மூச்சு விடுவதை மட்டும் எனக்கே விட்டுவிட்டதற்கு நன்றி. பஸ் டிப்போவில் அட்டவணை போடுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டால் இப்படித்தான் என்று தங்கை விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

வருகிறேன். இரண்டு நிபந்தனை. சண்டை கூடாது. இரண்டாவது, போன் கூடாது. இருவருமே வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும். எனக்கு அந்தக் கருவியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

காரணம் உங்களுக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். போன தடவை இதே வேலைக்காக முதலாளி கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எடுத்தீர்கள். "அவளுக்கு ஒரு காது கேக்காதுங்க, கஸ்டமரையெல்லாம் சமாளிக்க முடியாது, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு மாதம் கழித்து லேபில் பையன்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உன் நல்லதுக்குத்தான் செய்தேன் என்றீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. கெட்டதுக்குச் செய்திருந்தால் நன்றாகத் திட்டியிருப்பேன்.

வலது காதுதான் போயிற்று. இடது காது நன்றாகவே கேட்கிறது, நீங்கள் தூக்கத்தில் பஸ் நம்பர் சொல்வது உட்பட.

குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள். வாளி மாற்றுவது வேலையில்லை.

இப்படிக்கு,
பல்லழகி


ஜூன் 15, மாலை

பல்லழகிக்கு,

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. வரமாட்டேன் என்றால் வரமாட்டேன் என்று எழுதியிருக்கலாமே?

எட்டரைக்கே படகுத்துறையில் நின்றேன். உன் பஸ் வந்தது. கிரிக்கெட் மட்டையோடு பிள்ளைகள் இறங்கினார்கள், ஒரு ஆள் சைக்கிள் டயரோடு இறங்கினான், நீ இறங்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அப்புறம்தான் உறைத்தது: உன் தங்கை ஊரிலிருந்து எதிர்க்கரையின் மதகு நிறுத்தத்துக்கு மாறாமலே ஒரு பஸ் வருகிறதே, அதில் ஏறியிருப்பாயோ என்று. சரி, எதிரில் வருவாள் என்று கிளம்பினேன். மதகு வரை போனேன். நீ இல்லை. முழுச் சுற்றும் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தேன். எதிரில் நாய்தான் வந்தது.

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தேன். அதிலும் நீ இல்லை. வேலைதான் முடிவு என்றால் எனக்குப் புரிகிறது. புரியவில்லை, ஆனாலும் புரிகிறது.

உன்
(இங்கே என்ன எழுதுவது என்று தெரியவில்லை)


ஜூன் 15, மாலை

இவ்வளவு அட்டவணை போட்டவருக்கு,

வராமல் இருக்க ஒரு காரணமாவது எழுதுங்கள். காய்ச்சலா? டிப்போவில் அவசரமா? இல்லை, என் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லையா?

நீங்கள் சொன்ன பஸ்ஸில் நான் ஏறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஜங்ஷனில் மாறாமலே மதகுக்கு நேர் பஸ் இருக்கிறது என்று தங்கை சொன்னாள். ஒரு தடவையாவது என் இஷ்டத்துக்கு வந்து, சுற்றி நடந்து படகுத்துறையில் உங்கள் முன்னால் நிற்கலாம், முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். வந்து பார்த்தால் பெஞ்சு காலி. படகுக் கொட்டகை பூட்டியிருந்தது, கேட்க ஓர் ஆள் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் மட்டும் குடித்தேன், நீங்கள் எழுதியபடியே. எதிரில் வருவீர்களோ என்று மீதிச் சுற்றையும் நடந்து, மதகில் பஸ் ஏறி வந்துவிட்டேன். முழங்கால் வலிக்கவில்லை. வேறு எல்லாம் வலித்தது.

பல்லழகி


ஜூன் 19

வந்தேன் என்கிறவருக்கு,

உங்கள் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்திருக்கும். நீங்களும் வந்தீர்கள், நானும் வந்தேன் என்றால் எப்படி? அது என்ன கடலா? ஒற்றைப் பாதை போட்ட ஏரி. இருவரும் சுற்றியிருக்கிறோம், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நம்பச் சொல்கிறீர்களா? உங்களுக்குப் பொய் சொல்ல வராது என்பதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

எதிர்க்கரையில் ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் போய்க்கொண்டே இருந்தார். நான் நின்றால் தூரம் போவார், நடந்தால் அங்கேயே இருப்பார். உங்களிடம் தொப்பி கிடையாதே என்று விட்டுவிட்டேன்.

இங்கே லேபிலும் ஒரே குழப்பம். நேற்று முதலாளி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார். எதற்கென்று தெரியவில்லை. கையில் ஈரமான பல் அச்சு இருந்தது, சிரித்து வைத்தேன். பையன்களும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முகத்தில் அச்சு மாவு ஒட்டியிருக்கிறதோ என்று கண்ணாடி பார்த்தேன், இல்லை.

தெளிவாக எழுதுங்கள்.

பல்லழகி


ஜூன் 22

என் பல்லழகிக்கு,

தொப்பி புதிது! போன மாதம் வாங்கினேன், வழுக்கை சுடுகிறது. உன்னிடம் மஞ்சள் குடை இருக்கிறதா? எதிர்க்கரையில் ஒரு மஞ்சள் குடை போய்க்கொண்டே இருந்தது. உன் குடை கறுப்பு என்று நானும் விட்டுவிட்டேன்.

டிப்போவில் ஒரு தாளில் வட்டம் போட்டேன். படகுத்துறையில் ஒரு பொட்டு, மதகில் ஒரு பொட்டு. இரண்டையும் விரலால் நகர்த்தினேன். சந்திக்காமல் போக ஒரே வழிதான் இருக்கிறது. இருவரும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். நமக்கு மட்டும்தான் அது நடக்கும்! ஏரி எனக்கு வலப்பக்கம் இருக்கும்படிதான் நான் எப்போதும் நடப்பேன். அப்போதுதான் நீ தண்ணீர் ஓரமாக வரலாம், உனக்குப் பிடிக்கும். கேட்கிற காதும் என் பக்கம் இருக்கும். தனியாக நடந்தபோதும் உனக்கு இடம் விட்டே நடந்திருக்கிறேன். நீயும் ஏரியை வலப்பக்கம் விட்டு, நல்ல காதைப் பாதைப் பக்கம் வைத்துக்கொண்டு வந்திருப்பாய். வேகமும் ஒன்று. உன்னோடு நடந்து நடந்து என் கால் உன் கால் மாதிரியே ஆகிவிட்டது. இதைக் கண்டுபிடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. நாம் எங்கேயும் போய்விடவில்லை, பார்த்தாயா!

இன்னொரு நல்ல செய்தி. முதலாளி ஏன் சந்தோஷப்பட்டார் என்று எனக்குத் தெரியும். நீ வரவில்லை என்று நினைத்த மறுநாள், வேலைதான் உனக்கு முக்கியம் போலிருக்கிறது, நாம் கெடுத்ததை நாமே சரிசெய்வோம் என்று நானே அவருக்குப் போன் செய்தேன். "முன்னே நான் தப்பா சொல்லிட்டேங்க, அவ கெட்டிக்காரி, கிளையை அவ பாத்துப்பா, சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். இனி உனக்கு என் மேல் ஒரு குறையும் இருக்காது.

உன்
டைம்டேபிள்


ஜூன் 26

அன்புள்ளவருக்கு,

உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். முதல் பாதிக்கு அழுதேன். எனக்கு இடம் விட்டு நடந்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில். நானும் அப்படித்தான் வந்தேன். நீங்கள் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று நல்ல காதைப் பாதைப் பக்கமே வைத்திருந்தேன். குடை மஞ்சள்தான், தங்கையுடையது.

பிறகு இரண்டாம் பாதியைப் படித்தேன்.

அன்று ஏரிக்கு நான் எதற்கு வந்தேன் தெரியுமா? வேலை வேண்டாம், வீட்டுக்கு வருகிறேன் என்று உங்களிடம் சொல்வதற்கு. திங்களன்று முதலாளியிடம் நானே போய், என் வாயால், வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதன்பின் பெட்டி கட்ட வேண்டும். ஞாயிறு முழுக்க அந்த வாக்கியத்தைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நீங்கள் வரவில்லை என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். அதற்குள் என் பதிலை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். போன தடவை வேண்டாம் என்றீர்கள், இந்தத் தடவை சம்மதம் என்றீர்கள். இரண்டு தடவையும் நான் இருக்கிற இடத்தில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

உங்கள் மேல் கோபமா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. பிரியம் இருக்கிறது, அதில் குழப்பமே இல்லை. ஆனால் பிரியமாகவே என்னைச் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள், என் முன்னால் ஒருநாளும் வந்து நிற்கவில்லை.

நேற்று முதலாளி அறைக்குப் போனேன். "என் வீட்டுக்காரர் சொன்னதை விடுங்க, நான் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றேன். அவர் முழித்தார். நாற்காலியில் உட்கார்ந்து, சம்பளம் என்ன, எத்தனை பேர் என் கீழே, போன் எடுக்கத் தனி ஆள் உண்டா என்று எல்லாம் கேட்டேன். கேட்கக் கேட்க எனக்கே அந்த வேலை பிடித்துவிட்டது. சம்மதம் என்று சொன்னேன். நான் சொன்னேன்.

வீட்டுக்கு வரவில்லை. ஒன்றாம் தேதி கிளைக்குப் போகிறேன். கீழே விலாசம் எழுதியிருக்கிறேன். எனக்காக எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள், தயவுசெய்து.

பல்லழகி


ஜூலை 4

அன்புள்ள பல்லழகிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதிக் கிழிக்கிறேன். எழுதுவதெல்லாம் ஏற்பாடாகவே வந்து நிற்கிறது. வீட்டில் நடக்கும்போதுகூட எந்தப் பக்கம் திரும்புவது என்று குழம்புகிறேன்.

நீ இல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. இதைக்கூட உன்னிடம் நேராகச் சொன்னதில்லை என்று இப்போதுதான் தோன்றுகிறது.

பஸ் பார்க்கவில்லை. லீவு சொல்லவில்லை. உன் தங்கையிடம் பேசவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்.

உன்னைப் பார்க்க வரட்டுமா?

வேண்டாம் என்றாலும், அதை நீயே எழுது.

உன்
கணவன்