காய்வதற்கு வைத்த தாள்

மேசையின் அடி இழுப்பறையில் ஸ்கேல் தேடப்போய் உன் தாளை எடுத்துவிட்டேன். ஒரு வருடமாகியும் கறுப்பு உறைக்குள் மை வாசனை லேசாக இருந்தது. வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன நிறக் கட்டங்கள். மூலையில் உன் பென்சில் கிறுக்கல்: ‘புது மை. நாளைக்கு அளக்கணும்.’ அந்த நாளைக்கு நீ வரவில்லை. விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அப்படியே போய்விட்டாய்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் நாம் சேர்ந்து போட்ட போட்டோ அச்சுக் கடை இது. மையோ தாளோ மாறினால் இந்தக் கட்டங்களை அச்சடித்து, கருவியால் அளந்து, எந்த நிறம் எவ்வளவு பிசகுகிறது என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். அப்போதுதான் திரையில் தெரியும் முகம் தாளிலும் அப்படியே வரும். நான் அவசரக்குடுக்கை. அடித்த சூட்டோடு அளக்கப் போவேன். தாளை என் கையிலிருந்து பிடுங்கி, “இரு சாமி, ஒரு நா காயட்டும். ஈரத்துல நெறம் பொய் சொல்லும்” என்பாய். மறுநாள் நான் ஸ்கேலை ஒட்டிக் கருவியை இழுப்பேன். நீ திரையைப் பார்த்து வரிசைக்கு ஒரு “சரி” சொல்வாய். நடுவில் யார் வந்து நின்றாலும் எழ மாட்டாய்.

கல்யாணப் பெண்ணை வெளுப்பாக்கித் தரச் சொன்னவரிடம், “புள்ள கறுப்புத்தானுங்க, அழகாத்தான இருக்குது, உடுங்க” என்றாய். அவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளையும் இப்போது யாரிடமாவது திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது.

அப்படிப்பட்ட உன் முகத்தைத்தான் நான் கெடுத்தேன். காரியத்துக்குப் படம் வேண்டும் என்று உன் மனைவி கேட்டபோது, காய்ந்து கிடந்த இந்தத் தாளை அளக்க எனக்குக் கை வரவில்லை. பழைய மையின் அளவையே வைத்து அடித்து, சட்டம் போட்டுப் புதுச்சத்திரத்தில் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தது.

“ஏனுங்கண்ணா, அவுருக்குக் கறுப்புலயே ஒரு செவப்பு ஓடுமுங்களே. இது பச்சையா இருக்குதுங்க.”

பிறகு என் மனம் நோகுமோ என்று அதுவே, “பரவால்லீங்க” என்று சொல்லி மாலையைப் போட்டது.

அதற்குப் பிறகும் தாளைத் தொடவில்லை. ஒரு வருடம் கண்ணளவிலேயே கடையை ஓட்டினேன். அளந்துவிட்டால் நீ விட்டுப்போன கடைசி வேலையும் முடிந்துவிடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

கையில் எடுத்த பிறகு திரும்ப உள்ளே வைக்க முடியவில்லை. அளந்தேன். ஒரு கையால் ஸ்கேலை அழுத்தி, மறு கையால் கருவியை இழுத்து, கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தால் வரிசை கோணிப்போகிறது. மூன்றாவது வரிசையிலிருந்து நானே சத்தமாக “சரி” சொல்லிக்கொண்டேன். ஆளில்லாத கடையில் என் குரலைக் கேட்க எனக்கே பாவமாக இருந்தது. பிறகு உன் படத்தை மறுபடி அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். இந்த முறை அவசரப்படவில்லை, பார்த்துக்கொள்.

நேற்று புதுச்சத்திரம் போனேன். உன் மனைவி புதுப் படத்தின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தது. “இவருதானுங்க” என்றது. அப்புறம் அழுதது. ஆணியிலிருந்து பழைய படத்தை இறக்கி, “இத என்னங்கண்ணா பண்றது?” என்று கேட்டது.

“குடும்மா, நான் கொண்டுபோறேன்.”

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கடையில் உன் நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறேன். சரியான நிறத்தில் இருக்கும் நீ உன் வீட்டில் இருக்கிறாய். நான் கெடுத்த நீ என்னோடு இருக்கிறாய். இன்று வேறு தாள் வந்திருக்கிறது, கட்டங்களை அடித்துக் காயப்போட்டிருக்கிறேன். நாளைக்கு அளக்கும்போது வரிசைக்கு வரிசை நிமிர்ந்து உன்னைப் பார்ப்பேன். “சரி” மட்டும் நானே சொல்லிக்கொள்கிறேன்.