தங்கவேலுவின் விசில்

நந்திதுர்க் லைன்,
கோலார் தங்கவயல்,
1900 செப்டம்பர் 30

என் பிரியமானவருக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். உங்கள் மகன் இப்போதுதான் கண்ணயர்ந்தான். பகலெல்லாம் பள்ளிக்கூடம், பொழுது சாய்ந்தால் அவன் அழுகை. விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

கிளாரன்ஸுக்குக் கழுத்து நின்றுவிட்டது. மூக்கு அப்படியே உங்களுடையது. கொஞ்சம் இருமினாலும் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

சுரங்க ஆபீசிலிருந்து வரும்போது லைன் முனையிலேயே கீர்த்தனை ஒன்றைச் சீழ்க்கையடிப்பீர்கள். நான் காப்பிக்குத் தண்ணீர் வைப்பேன். சுரங்க வாயைத் தாண்டும்வரை மட்டும் உங்கள் உதடு ஒட்டியே இருக்கும். அங்கே சீழ்க்கையடித்தால் பாறை இறங்கிவிடும் என்று ஆட்கள் உங்களை விரட்டியதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போமே. இப்போதும் ஷிப்டு முடிகிற நேரம் என் கை தானாகவே பாத்திரத்தைத் தேடுகிறது.

தங்கவேலு உங்கள் பட்டாளத்தில் கோவேறு கழுதை ஓட்டச் சீனத்துக்குக் கப்பலேறிய நாள்முதல் பாக்கியவதி தினமும் வருகிறாள். அவள் புருஷனுக்கு எழுதத் தெரியாது. உங்கள் கடிதம்தான் அவளுக்கும் கடிதம். "சண்டை முன்னால் நடக்கிறது, நாங்கள் வெகு தூரம் பின்னால், மாவு மூட்டைகளின் நடுவே சுகமாக இருக்கிறோம்" என்று நீங்கள் எழுதியதை வாசித்தேன். அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை.

"பின்னாலன்னா இன்னா டீச்சரம்மா? முன்னால போறவனுக்குச் சோறு எங்கருந்து போவுதுன்னு எதிராளிக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. கல்லூரியில் தர்க்கம் படித்தவளுக்குக் கேள்வி கேட்கத்தான் தெரியும் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுச் சொல்லுங்கள்: உங்களைக் காவல் காப்பது யார்?

உங்கள்
லூயிசா


ரயில் நிலையக் கிடங்கு,
வட சீனம்,
1900 நவம்பர் 11

அன்புள்ள லூயிசாவுக்கு,

கழுத்து நின்ற செய்தியைக் கிடங்கு முழுவதும் சொல்லிவிட்டேன். சமையற்காரர் அன்றைக்கு எல்லாருக்கும் சர்க்கரை கூடுதலாகப் போட்டார்.

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. சிப்பாய்களில் பெரும்பாலோர் முன்னால் போய்விட்டார்கள். நிலையத்தின் மறுகோடிக் கொட்டகையில் ஒரு சின்னக் காவற்படைதான் மிச்சம். ஆகையால் கணக்கு எழுதும் நான், சமையற்காரர்கள், கழுதைக்காரர்கள் எல்லாருமே முறைபோட்டுக் கிடங்கைக் காக்கிறோம். மாவு மூட்டைகளை மதில்போல் அடுக்கியிருக்கிறோம். ஆபத்தென்றால் ஊத ஆளுக்கொரு விசில்.

நம் தங்கவேலு விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வாயில் மட்டும் வைக்கமாட்டேன் என்கிறார். "ரைட்டரய்யா, இத ஊதினா மேல இருக்கிறது இறங்கிடும்" என்றார். மேலே வானம்தானே இருக்கிறது என்றேன். "அதுதான் இறங்கும்" என்றார். சார்ஜண்டு அவரை வேலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார். நான்தான் நடுவில் புகுந்து, சுரங்க வாயிலில் இருப்பதுபோல் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, இரும்புக் கம்பி ஒன்றையும் கொடுத்தேன். அதை அவர் சோதித்துத் தட்டும்போது கண்ணை மூடினால் ஷிப்டு மாறுகிறது, நீ கதவைத் திறக்கிறாய்.

இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது. ஏப்ரலில் என் ஒப்பந்தம் முடிகிறது. பிள்ளையைப் பார்க்க அதே மாதம் புறப்படுவேன்.

உன்
மாணிக்கராஜ்


நந்திதுர்க் லைன்,
1900 டிசம்பர் 19

என் பிரியமானவருக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கிறிஸ்துமசுக்குப் பலகாரம் சுடவும் மனமில்லை. பொறுமையாக வாசியுங்கள். நீங்கள் இருப்பது ரயில் நிலையம். ரயிலேறிச் சாமான் வாங்கப் போகும்போது பார்த்திருக்கிறோமே, வண்டி வருகிறதென்றால் ஸ்டேஷனில் எதைத் தட்டுகிறார்கள்? தண்டவாளத் துண்டைத்தானே. நடு இரவில் தங்கவேலு தட்டினால், மறுகோடியில் படுத்திருக்கும் சிப்பாய் வண்டி வருகிறதென்று புரண்டு படுக்கமாட்டானா? அந்தத் துண்டைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

தங்கவேலு ஏன் ஊதமாட்டார் என்பதும் தெரிந்தது. பாக்கியவதியின் அண்ணன் பாறை விழுந்து இறந்த அன்று உள்ளே யாரோ சீழ்க்கையடித்தார்களாம். அதனால் கல்யாணத்தன்றே, சீழ்க்கையோ விசிலோ ஊதுவதில்லை என்று தன் தலையில் அடித்துப் புருஷனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவர் விசிலை ஊத மறுப்பதை நேற்றே அவளிடம் சொன்னேன். இன்று விடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு சுரங்க வாயில் முனீஸ்வரனிடம் போனாள். கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைத்தாள்.

"நான் வாங்கின சத்தியத்த நானே திருப்பிக் குடுக்கிறேன். அங்க அவரு ஊதட்டும்" என்று சாமிக்கும் சொன்னாள், எனக்கும் சொன்னாள். பாதிரியார் கேட்டால் நான் வெறுமனே துணைக்குப் போனேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தின் கால்களில் யாராவது சக்கரம் கட்டினால் தேவலை.

உங்கள்
லூயிசா


வட சீனம்,
1901 ஜனவரி 14

அன்புள்ள லூயிசாவுக்கு,

முதலில் ஒன்று: நான் சுகம். என் உடம்பில் கீறல்கூட இல்லை.

இங்கே ஆறு உறைந்து கிடக்கிறது, தபால் எங்கெங்கோ சுற்றி வருகிறது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன வாரம் ஓர் இரவு எதிரிகள் கிடங்கின்மேல் விழுந்தார்கள். வைக்கோலுக்குத் தீ வைப்பதுதான் எண்ணம். காவலில் இருந்தவர் தங்கவேலு. தண்டவாளத்தைத் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். ஒருவரும் எழவில்லை. மறுகோடியில் எல்லாரும் வண்டி என்று நினைத்தார்கள். நானும் மூட்டைகளின் நடுவே படுத்துக்கொண்டு ஊரில் ஷிப்டு மாறுவதாகக் கனவு கண்டேன். அதற்குள் அவர் தொடையில் குண்டு பாய்ந்துவிட்டது. விழுந்த இடத்திலிருந்தே விசிலை எடுத்து ஊதினார். அத்தனை பேரும் எழுந்தது அதற்குத்தான். கிடங்கு தப்பியது. நாங்களும் தப்பினோம்.

கால் பிழைத்துவிட்டது, இனி நொண்டுவார் என்கிறார் டாக்டர். அதுவல்ல அவருக்குக் கவலை. "அவ தலை மேல சத்தியம் பண்ணிட்டு ஊதிட்டேன் ரைட்டரய்யா. அங்க அவளுக்கு இன்னா ஆச்சோ. எந்த மூஞ்சியோட போவேன்?" என்கிறார். ஊருக்கு வரமாட்டாராம், இங்கேயே லாயத்தில் ஏதாவது வேலை கேட்கிறார். என் உயிரைக் காத்தவரை அந்நிய மண்ணில் தனியே விட்டுவிட்டு நான் எப்படிக் கப்பலேறுவேன்? ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்கு நீட்டலாமா என்று யோசிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே. பாக்கியவதிக்குக் காயத்தை மட்டும் சொல், விசிலைச் சொல்லாதே என்று கெஞ்சுகிறார்.

உன்
மாணிக்கராஜ்


நந்திதுர்க் லைன்,
1901 பிப்ரவரி 24

என் பிரியமானவருக்கு,

எல்லாவற்றையும் பாக்கியவதியிடம் சொல்லிவிட்டேன், விசிலையும் சேர்த்து. சொல்லாதே என்றீர்கள், முதல்முறையாக உங்கள் பேச்சை மீறினேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு முந்தானையால் துடைத்துக்கொண்டு, "எத்தினி வாட்டி ஊதினாராம்?" என்று கேட்டாள். நீங்கள் எழுதவில்லையே, நான் என்ன சொல்வேன்?

டிசம்பரில் நான் எழுதியது இதற்குள் கிடைத்திருக்கும். கிடைக்காவிட்டால் இதைத் தங்கவேலுவின் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். கிறிஸ்துமசுக்கு முன்பே பாக்கியவதி சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். தேங்காய் உடைத்தபோது நான் பக்கத்தில் நின்றேன், சாட்சி சொல்கிறேன். சண்டை நடந்தது ஜனவரியில். என் கடிதம் கடலில் மிதந்துகொண்டிருந்தபோதே அவர் கட்டு அவிழ்ந்துவிட்டது. அவர் எதையும் மீறவில்லை. அவள் கல்லுக்குண்டுபோல் இருக்கிறாள், இன்று காலைகூடத் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பேரோடு சண்டை போட்டாள். இதையும் சொல்லுங்கள், அப்போதுதான் நம்புவார்.

அவள் அவருக்குச் சொல்லி அனுப்பியது இது: "நொண்டினா இன்னா, நடந்து வரச் சொல்லுங்க. மெதுவாவே வரட்டும்."

இனி ஒப்பந்தத்தை நீட்டிக்க உங்களுக்குக் காரணம் இல்லை. கிளாரன்ஸ் தவழ்கிறான். நேற்று பால்காரர் தெருவில் சீழ்க்கையடித்துக்கொண்டு போனார். பிள்ளை கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்தான். நான் காப்பிக்கு அடுப்பை மூட்டப் போய், பாதியில் நின்றேன்.

இருவரும் ஏப்ரல் கப்பலில் வருகிறீர்களா? ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

உங்கள்
லூயிசா