பச்சை மூடிக் குப்பி

அன்புள்ள அக்காவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, அங்கே நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று இதே உறையில் இருக்கும் இன்னொரு தாளில் எழுதியிருக்கிறேன். அது எப்போதும் போல அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. தையல் கம்பெனியில் கத்தரி பிடித்துப் பிடித்து அம்மாவுக்குக் கட்டைவிரல் மடங்காமல் போனதிலிருந்து உனக்கு வருகிற கடிதமெல்லாம் அம்மாவின் வாய், என் கை. இந்தத் தாள் மட்டும் முழுக்க என்னுடையது. அம்மா தூங்கியதும் குளியலறை விளக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் அம்மா என் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அம்மா மெலிந்துகொண்டே போகிறாள் அக்கா. பாவாடை இடுப்பை மறுபடி மறுபடி பிடித்துத் தைக்கிறாள், கேட்டால் துணி தொளதொளத்துப்போச்சு என்கிறாள். துணியே பிழைப்பாக இருப்பவள் சொல்கிற பேச்சா இது. கழிவறைக்குப் போனால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகு நேரம் இருக்கிறாள். ஒரு நாள் தண்ணீர் சரியாக ஊற்றாமல் வந்துவிட்டாள், நான் பார்த்துவிட்டேன், ரத்தம். அதற்கு அம்மா, மூலம்டி, உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு வர்றதுதான், எங்க கம்பெனில இதைச் சம்பளத்தோட சேத்துக் குடுக்கறாங்க என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அம்மா வெட்டும் மேசையில் நாள் முழுக்க நிற்பவள் என்பது பிறகுதான் உறைத்தது.

போன மாதம் அம்மா பச்சை மூடி போட்ட ஒரு சின்னக் குப்பியும் குச்சியும் தந்து, உங்க ஸ்கூல்ல வயித்துல பூச்சி இருக்கான்னு பாக்கறாங்களாம், மலத்தைக் கொஞ்சம் எடுத்துக் குடுடி என்றாள். கூச்சப்பட்டுக்கொண்டே கொடுத்தேன். போன வாரம் நானும் அம்மாவும் எங்கள் தெரு முனை சுகாதார நிலையத்தைக் கடக்கும்போது நர்ஸ் எங்களை உள்ளே கூப்பிட்டு, அம்மாவிடம், உங்க மலத்துல ரத்தம் எதுவும் இல்லம்மா, ரிசல்ட் நல்லா வந்திருக்கு என்றார். அவர் மேசைத் தட்டில் அதே பச்சை மூடிக் குப்பிகள். பள்ளிக்கூடத்துக்கு என்று என்னிடம் வாங்கியதை அம்மா தன் பேரில் இங்கே கொடுத்திருக்கிறாள். அது அம்மாவுடையது இல்லை அக்கா, என்னுடையது. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, ரெண்டு பேரும் ஒரே பானைலதானே சாப்பிடறோம், உனக்கு ஒண்ணும் இல்லன்னா எனக்கும் இல்லை என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முகம் ஒத்துழைக்கவில்லை. பிறகு மெதுவாக, என்கூடப் பொறந்த உன் பெரியம்மா ஆஸ்பத்திரிக்கு நடந்து போனா, படுத்துத்தான் திரும்பினா, அக்காகிட்ட மூச்சு விடாதே, வேலையை விட்டுட்டு ஓடி வந்துருவா என்றாள். பெரியம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்று மட்டும்தான் நம்மிடம் சொன்னார்கள். அது பெருங்குடல் புற்றுநோய் என்று அன்றைக்கு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

பள்ளி விட்டதும் நர்ஸிடம் போய், என் தோழியின் அம்மாவுக்கு என்று ஆரம்பித்துக் கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார். கண்ணுக்குத் தெரிகிற ரத்தம் வந்தால் குப்பியை நம்பி உட்காரக் கூடாதாம், நாமே மூலம் என்று முடிவு கட்டாமல் டாக்டரிடம் போக வேண்டுமாம், குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்ப்பார்களாம். இது ஆம்பளைங்க வியாதின்னு பொம்பளைங்க நினைச்சுக்கறாங்க, அப்படியெல்லாம் இல்ல, சீக்கிரம் கண்டுபிடிச்சா பெரும்பாலும் சரி பண்ணிடலாம், பெரியம்மா கடைசி நேரத்துலதானே வந்தாங்க என்றார். நான் பெரியம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. கிளம்பும்போது, உன் தோழியை அவ அம்மாவை நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்லு, அவளும் உன்ன மாதிரியே நகத்தைக் கடிப்பாளோ என்றார்.

அம்மா என் பேச்சைக் கேட்க மாட்டாள் அக்கா. கெஞ்சிவிட்டேன், அழுதும் பார்த்துவிட்டேன். பரீட்சைக்குப் படி என்கிறாள். புத்தகத்தைத் திறந்தால் அந்தப் பச்சை மூடிதான் தெரிகிறது. நீ சொன்னால் கேட்பாள், நீ வந்துவிடுவாயோ என்று பயந்தாவது டாக்டரிடம் போவாள். உனக்கும் ஒன்று, அங்கே டாக்டரைப் பார்க்கும்போது நம் வீட்டில் இந்த நோய் இருந்தது என்று சொல்லி, நீ எந்த வயதில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுவை. நானும் கேட்பேன்.

நோய் நொடி இல்லாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அந்தத் தாளின் அடியில் அம்மா சொன்னாள், நான் எழுதினேன். சொல்லும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதை எழுதவில்லை. படித்த உடனே கூப்பிடு. நான்தான் எடுப்பேன், அம்மாவின் தாடை என் தோளில் இருக்கும், நீ பாட்டுக்குச் சத்தமாகச் சொல். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்றும் சொல், திட்டினால் திட்டட்டும். என்னைத் திட்ட அம்மா இருந்தால் போதும்.

உன் அன்புத் தங்கை