எட்டாவது பாட்டில் என் குறட்டை

இருட்டின் மன்னரும் 'சாம்பல் ஆலை' இசைக்குழுவின் பாடகருமாகிய என் கணவர் அவர்களுக்கு,

காலஞ்சென்ற தங்கள் மனைவி எழுதிக்கொள்வது. நான் இங்கே செத்தும் நலம். தாங்கள் அங்கே ஊர் ஊராக அழுதும் நலமாகவே இருப்பதைப் போஸ்டரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மரியாதை இதோடு போதும். செத்தவள் யாரை வேண்டுமானாலும் நீ என்று கூப்பிடலாம் என்று நினைக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் செய்தால் உன் மேனேஜர் எடுக்கிறான். "அண்ணி, அவரு மேக்கப்ல இருக்காரு, அப்புறம் பேசச் சொல்றேன்" என்கிறான். ஒரு மனுஷன் மூஞ்சிக்குச் சுண்ணாம்பு அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? நம் வீட்டு ஹாலுக்கு வெள்ளையடித்தவர் அரை நாளில் முடித்துவிட்டு, ஏணியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். அதனால்தான் கடிதம். உறையின் மேல் 'உங்கள் தீவிர ரசிகை' என்று எழுதியிருக்கிறேன். அந்த வகைக் கடிதங்களை மட்டும் நீ மேனேஜரிடம் கொடுக்காமல் நீயே பிரிப்பாய் என்று எனக்குத் தெரியாதா.

உன் 'குளிர்ந்த தலையணை' ஆல்பத்தைக் கேட்டேன். நானாகப் போய்க் கேட்கவில்லை. என்னிடம் புதிதாகக் கார் பழக ஒரு பெண் வந்திருக்கிறாள். பல் மருத்துவம் படிக்கிறாள், நகத்திலும் உதட்டிலும் கருப்புச் சாயம். "பாட்டு போட்டுக்கிட்டா எனக்குக் கை நடுங்காது மேடம்" என்றாள். சரி, போடு என்றேன். போட்டதும் கடகடவென்று இரும்பு உதறுகிற சத்தம். இன்ஜின்தான் போய்விட்டது என்று என் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் பொறுமையாக, "மேடம், அது பாட்டு" என்றாள்.

கொஞ்சம் கேட்டதும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. அது நம் வீட்டு வாஷிங் மெஷின். உள்ளே உன் பெல்ட். பேண்ட்டிலிருந்து பெல்ட்டை உருவிவிட்டுப் போடு, போடு என்று நான் தொண்டை கிழியக் கத்தியதுதான் மிச்சம். நீ பெல்ட்டை உருவவில்லை, போய் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாய். இப்போது அதை 'இயந்திர யுகத்தின் மரண ஓலம்' என்று பத்திரிகையில் எழுதுகிறார்களாம். மெஷினைப் பழுது பார்க்க வந்தவர் அதற்கு வேறு பெயர் சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

மூன்றாவது பாட்டில் 'விளக்கில்லாத சாலையில் வண்டியைச் செலுத்துகிறேன், என் மரணத்தை நோக்கி' என்று உறுமுகிறாய். எந்த வண்டியை அப்பா? லைசென்ஸ் தேர்வில் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னபோது பின்னால் உருண்டு, அதிகாரியின் சைக்கிள் மேல் ஏறினவன் நீ. ஊருக்கெல்லாம் கார் சொல்லிக்கொடுக்கிறவளின் புருஷன், இன்றுவரை இடது பக்க சீட்டில் உட்கார்ந்து கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வருகிறவன். விளக்கில்லாத சாலையாம். பாத்ரூம் லைட் எரியாமல் உனக்குத் தூக்கம் வராது. கரண்ட் போனால் முதலில் என் கையைத்தான் தேடுவாய்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அதற்குள் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவரோட ஒய்ஃப் இறந்துட்டாங்க மேடம். அவங்க நினைவாத்தான் இந்த ஆல்பமே" என்றாள். எப்படி இறந்தார்கள் என்று கேட்டேன். அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டாராம், கண்ணை மூடிக்கொள்வாராம். எட்டாவது பாட்டு வந்தது. அதில் பாட்டே இல்லை. யாரோ கரகரவென்று மூச்சு விடுகிறார்கள், கடைசியில் ஒரு பீப்பாய்ச் சத்தம், அவ்வளவுதான். "இதுதான் அவங்க கடைசி மூச்சு. ஆஸ்பத்திரியில பக்கத்துல உக்காந்து பதிவு பண்ணாராம்" என்று கிசுகிசுத்தாள்.

அது என் குறட்டை. ஜலதோஷத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹால் சோபாவில் படுத்தேனே, அன்றைக்கு விட்டது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டேன். அவள் வண்டியை ஓரம் கட்டினாள். கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, முதல் தடவையாக ஒழுங்காகக் கட்டினாள். "உங்களுக்கு மனசே கிடையாதா மேடம்" என்று கேட்டாள். அடுத்த வகுப்புக்கு வேறு ஆசிரியர் வேண்டும் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறாளாம்.

நான் எப்படிச் செத்தேன் என்பது எனக்குத் தெரியும். பேட்டி எடுத்த பையன், யாரை இழந்த சோகம் இது என்று கேட்டான். உனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது நீ கண்ணை மூடிக்கொள்வாய், நம் கல்யாணப் பேச்சின்போது என் அப்பா சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கும் அப்படித்தான் மூடிக்கொண்டாய். அவர் அடக்கமான பிள்ளை என்று நினைத்தார். இந்தப் பையன் மனைவியை இழந்தவன் என்று எழுதிவிட்டான். அப்போதே ஒரு வார்த்தை, அவ உயிரோடத்தான் இருக்கா, கார் ஓட்டிக்கிட்டு இருக்கா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உன் மேனேஜர் கணக்குப் போட்டான், நீ வாயை மூடிக்கொண்டாய். என்னிடம் போனில் "அது தானா பரவிடுச்சு. ரெண்டு மாசம் பொறுத்துக்கோ, நிகழ்ச்சிக்கு மட்டும் வராதே" என்றாய். பெண்டாட்டியை ஒளித்து வைத்துக்கொண்டு அவளுக்கே ஒப்பாரி வைக்கிற ஆளை நான் கேள்விப்பட்டதில்லை.

நானும் முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன். நம் கேட்டில் கருப்பு ரிப்பன் கட்டிப் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கருப்புக் கோட்டுப் போட்ட பையன், அந்த வெயிலில், என்னை வேலைக்காரி என்று நினைத்து, அந்தம்மா எப்படிப்பட்டவங்க என்று கேட்டான். "தங்கமானவங்க தம்பி. ஆனா அந்த ஐயா துவைச்ச சாக்ஸக்கூட மடிச்சு வைக்க மாட்டாரு, அந்த ஏக்கத்துலயே போய்ச் சேந்துட்டாங்க" என்றேன். பயபக்தியோடு எழுதிக்கொண்டான். உன் ஒன்பதாவது பாட்டுக்கு அதை வைத்துக்கொள்.

நம் குட்டிக்கும் ஆரம்பத்தில் கொண்டாட்டம்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் அவளிடம் அன்பாக இருக்கிறார்களாம். வீட்டுப்பாடம் செய்யாமல் போனாலும் டீச்சர் கட்டிப்பிடித்துக்கொள்கிறாராம். "அம்மா, நீ இன்னும் கொஞ்ச நாள் செத்தே இரும்மா" என்று என்னைக் கெஞ்சினாள். இது சரிப்படாது என்று நானே பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதான் புதுசா வந்தவங்களா? கொழந்தைகிட்ட அனுசரணையா நடந்துக்குங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

இனி எழுதப்போவது வேடிக்கை இல்லை. உட்கார்ந்து படி.

சீட் பெல்ட் கழுத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. பெல்ட்டை ஏற்றி இறக்கி வைத்துப் பார்த்தேன், பிறகு விரலை வைத்துப் பார்த்தேன். கட்டி. டாக்டரம்மா ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு தெளிவாக வரவில்லை, கட்டியையே எடுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்கிறார். வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், இருக்கவும் செய்யலாம். குரல் கொஞ்ச நாளைக்குக் கம்மிப்போகும் என்றார். அப்படியானால் உன் குழுவில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது, மேக்கப் செலவு மிச்சம்.

இதைச் சொல்லத்தான் உனக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தேன். ஒரு தடவை நீயே எடுத்தாய். நான் ஆரம்பிப்பதற்குள், அந்தப் புரளி விஷயமாத்தான் பேசப்போறதா இருந்தா வேணாம், ரசிகர்கள் பக்கத்துல இருக்காங்க என்று வைத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்தில், இவனிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன். சொன்னால் மட்டும் என்ன செய்துவிடுவாய்? எனக்காக அழ வேண்டியதையெல்லாம் டிக்கெட் போட்டு அழுது தீர்த்துவிட்டாய். நிஜமாகவே ஏதாவது ஆனால் உன்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

குட்டியிடம், அம்மா ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருப்பேன், கழுத்தில் சின்னதாக ஒன்றை எடுக்கப் போகிறார்கள் என்று பக்குவமாகத்தான் சொன்னேன். அவள் அழவில்லை. பென்சில் சீவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு, "அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் விளங்கிற்று. அப்பா பாடிவிட்டார், அதனால் அம்மாவுக்கு அது நடக்கப்போகிறது என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதெல்லாம் இல்லைடா கண்ணு, அப்பா சும்மா பாடினது என்றேன். "அப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்றாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நான் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்க்கிறாள். அவள் கை மூக்கில் படும்போதெல்லாம் எனக்கு உன்னை நாலு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

அவளைத் தேற்றுவதற்காகத்தான் எட்டாவது பாட்டை மறுபடி போட்டேன். இது அம்மாவோட குறட்டை பார், கடைசி மூச்சும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று காட்ட. ஆளுக்கு ஒரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு கேட்டோம். குறட்டை முடிந்து, உங்கள் குழுவில் இருக்கிற அந்தக் குண்டன் எண்ணெய்ப் பீப்பாயில் ஓங்கி அடிப்பதற்குச் சற்று முன்னால், யாரோ மிக மெதுவாகப் பேசுகிறார்கள். காரில் எனக்கு அது கேட்கவில்லை. "ஷ்... கதவ மெதுவா சாத்து குட்டி. அம்மா தூங்கட்டும். பாவம், களைச்சுப்போயிருக்கா." அப்புறம் போர்வையை இழுத்துவிடுகிற சத்தம். அதற்கு மேல் பீப்பாய் முழங்கிவிடுகிறது.

அதை வெட்ட மறந்தாயா, வெட்ட மனசு வரவில்லையா, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். ஆல்பம் முழுக்க நீ கத்திய கத்தலில் உண்மையான வார்த்தை அது ஒன்றுதான். அங்கே எத்தனை பேர் அழுதாலும் அது யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. திரும்பத் திரும்பக் கேட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கர்வப்படாதே.

போர்வையை இழுத்துவிட்ட அந்த ஆளை அனுப்பு. உதட்டுச் சாயம் பூசினவன் எனக்கு வேண்டாம், அவனை மேனேஜரே வைத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமை உனக்கு நிகழ்ச்சி இருப்பது போஸ்டரில் தெரியும். அதை என்ன செய்வாயோ எனக்குத் தெரியாது. மூஞ்சியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வியாழக்கிழமையே வந்து சேர். வந்ததும் என்னிடம் வராதே, முதலில் குட்டியிடம் போ. அவள் உயரத்துக்குக் குனிந்து, அப்பா பொய் சொல்லிட்டேன் என்று உன் வாயால் சொல். கண்ணை மூடிக்கொள்ளாமல் சொல். மேடையில் உண்மையைச் சொல்வதும் சொல்லாததும் உன் பாடு.

ஆபரேஷன் நடக்கும்போது வெளியில் யார் நிற்பார்கள் என்று நர்ஸ் கேட்டார். உன் பெயரைத்தான் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஒரு வரியை எழுதத்தான் மேலே இத்தனை வரி திட்டினேன் போலிருக்கிறது.

மயக்கம் தெளிகிறவரை தூங்கிக்கொண்டிருப்பேன். குறட்டை வந்தால் நல்லது என்று எடுத்துக்கொள். குட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல். கதவை மெதுவாகச் சாத்து. மைக்கைக் கொண்டுவராதே.

நீ நன்றாக இருக்க வேண்டும். உன் தொண்டை நீடித்து உழைக்கட்டும், உனக்கு இன்னும் எத்தனையோ ஆல்பம் வரட்டும். அதையெல்லாம் கேட்டு நான் உன்னைத் திட்டவேண்டும்.

இப்படிக்கு,
இன்றுவரை உயிரோடிருக்கும்
உன் மனைவி