புட்டியில் ஒட்டியிருந்த பெயர்

போன வாரம் ஆஸ்பத்திரி வார்டுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. மஞ்சள் தாளில் உன் கல்யாணப் படம். நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. 'ரத்தம் கிடைக்காமல் இளவயதில் மறைந்த எங்கள் மருமகள் நினைவாக' லாட்ஜில் ரத்ததான முகாம் என்று அச்சடித்திருந்தார்கள். கீழே உன் மாமனார் பெயர். முகாம் இன்று முடிந்தது. வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஃப்ரீமேசன் சங்கத்தார் கூடும் அந்த லாட்ஜ் கட்டடம் உனக்கு நினைவிருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடத்துவதால், உள்ளே தலையை வெட்டுகிறார்கள் என்று பயந்து, ராமநாதபுரத்தில் அதைத் தலைவெட்டிக் கோயில் என்பார்கள். நிலக்காரர்களும் வக்கீல்களும் அங்கே ஒருவரையொருவர் 'சகோதரரே' என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் இருக்கும், அவர்கள் முதன்முதலாக ரத்தம் கொடுக்க முகாம் போட்டார்கள். நீ அப்போது நிறைமாதம். பரமக்குடிப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த நாம், நான் நர்ஸாகவும் நீ ஊருக்கு வெளியே மூன்று மைல் தள்ளிப் பெரிய வீட்டு மருமகளாகவும், மறுபடி பக்கத்தில் வந்திருந்தோம்.

முகாமுக்குச் சகோதரர்கள் நாலு பேர்தான் வந்தார்கள். ஊசியைப் பார்த்ததும் அதில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஆள் குறைந்தால் கேவலம் என்று உன் மாமனார் தன் பண்ணையாட்களை வண்டியில் ஏற்றி அனுப்பினார். உங்கள் வண்டியோட்டி கருப்பன்தான் முதலில் படுத்தான். எடுத்த புட்டிகளில் கொடுத்தவர் பெயரும் ரத்த வகையும் எழுதி ஒட்டினேன். மண்டபம் கடற்கரையிலிருந்து ரயிலில் வந்த, மீனுக்குப் போடும் ஐஸை மரத்தூள் போட்டு அடுக்கி அதில் வைத்தோம்.

மூன்றாம் நாள் நண்பகலில் கருப்பனே உன்னை வண்டியில் கொண்டுவந்தான். வீட்டில் பிரசவமாகி உதிரம் நிற்கவில்லை. வைக்கோல் மேல் விரித்த ஜமுக்காளம் நனைந்திருந்தது. உன் வீட்டுக்காரர் கொழும்புக் கடையில். டாக்டர் உன் ரத்தத்தைச் சோதித்தார். ஒத்துப்போனது ஒரே ஒரு புட்டி.

அதைக் கையில் எடுத்தபோது உன் மாமனார் கேட்டார்: "இது யாரு குடுத்தது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சீட்டை நகத்தால் சுரண்டிப் போட்டிருக்கலாம். நான் படித்துச் சொன்னேன்: "உங்க கருப்பன் குடுத்ததுங்கய்யா."

அவர் சத்தம் போடவில்லை. "அது வேணாம். திருவாடானையில இருந்து எங்க ஆளுக வருவாக. அவுகட்ட எடுத்துக்கங்க" என்றார். டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வீட்டார் சம்மதிக்காமல் ஏற்ற அவருக்கும் துணிச்சல் இல்லை.

நீ கண்ணைத் திறந்து என் சேலையைப் பிடித்தாய். "யாரு ரத்தமா இருந்தா என்னடி? ஏத்து. எம்பிள்ளைய நான் வளக்கணும்."

நான் உன் மாமனார் முகத்தைப் பார்த்தேன். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் விரல்கள் தாமாகவே தளர்ந்தன. நீ அதற்குப் பிறகு பேசவில்லை.

திருவாடானை பஸ் சாயங்காலம் வந்தது. உன்னை அதற்கு முன்பே துணி போட்டு மூடிவிட்டோம். வெளியே மாட்டை அவிழ்த்துக் கட்டியிருந்த கருப்பன், "இன்னங் கொஞ்சம் வேணுமின்னாலும் எடுத்துக்கங்கம்மா, நான் இங்கனதான் இருக்கேன்" என்றான். நான் உள்ளே போனேன். ஐஸ் கரைந்த பிறகு அந்தப் புட்டியை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நானேதான் கொட்டினேன். நான் பேசியிருந்தாலும் அவர் மாறியிருக்க மாட்டார். அப்படி நினைத்தும் ஆறுதல் கிடைக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்து இன்று உன் படத்துக்கு ரோஜா மாலை. உன் மாமனார் பேசும்போது குரல் தழுதழுத்தது. அவர் நடிக்கவில்லை, தான் சொல்வதை அவரே நம்பிவிட்டார். வரிசையில் பண்ணையாட்கள்தான் நின்றார்கள். நரைத்துப்போன கருப்பனும் வந்து கையை நீட்டினான். அவன் முகத்தைப் பார்க்காமல் ஊசி குத்தினேன்.

எல்லோரும் கலைந்த பிறகு உன் மகள் என்னிடம் வந்தாள். உன் நெற்றிதான், உன் நடைதான். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"எங்கம்மா சாகையில நீங்கதான் கூட இருந்தீகளாம். கடைசியா என்ன சொன்னாக?"

அவள் தாத்தா நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவள் நாளையும் அந்த வீட்டில்தான் சாப்பிட்டு, அங்கேதான் தூங்கி எழ வேண்டும்.

"ஒண்ணும் பேசல தாயி. தூங்குற மாதிரியே போயிட்டாக" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிப் போனாள். அவளுக்குச் சேர வேண்டிய உன் வார்த்தை என்னிடமே தங்கிவிட்டது.