உங்கள் பல்லை வெளுத்துவிட்டார்கள்

அண்ணா,

திங்கட்கிழமை ஹோட்டல் வரவேற்பறையில் உங்கள் படத்தை மாட்டினார்கள். சந்தன மாலை, கீழே சின்ன விளக்கு, ‘எங்கள் பசுமை நாயகன்’ என்று பச்சை எழுத்து. கிட்டே போய்ப் பார்த்தேன். உங்கள் பல்லை கம்ப்யூட்டரில் வெளுத்திருக்கிறார்கள். சின்ன வயதிலிருந்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பல்லெல்லாம் காவி படிந்து, அதனாலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஆள் நீங்கள். படத்தில் பற்பசை விளம்பரத்துக்கு வந்தவர் மாதிரி இருக்கிறீர்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கழற்றி எறிந்திருப்பேன். சாவி வாங்க நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

உங்கள் மேல் பாசம் பொங்கி ஒன்றும் மாட்டவில்லை. மறுநாள் பசுமைச் சான்றிதழைப் புதுப்பிக்கத் தணிக்கைக்காரர்கள் வருவதாக இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் போட்ட குழாயின் வால்வை மூடி நான்கு மாதம் ஆகிறது. வேலையை மூடிவிட்டு வேலை செய்தவருக்கு மாலை போடுகிறார்கள். இந்த அநியாயத்தை வேறு யாரிடம் சொல்லட்டும்?

பக்கத்துத் தோட்டத்து மாதம்மா பின்கேட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? நம் போர்வெல் தண்ணீரும் ஊர்த் தண்ணீர் மாதிரிதான். ஆர்.ஓ. இயந்திரம் வடிகட்டி, நல்லதை விருந்தினருக்குக் கொடுத்துவிடும். உப்பும் பல்லைக் காவியாக்குகிற ஃபுளோரைடும் திரண்ட மிச்சத் தண்ணீர் மதிலைத் தாண்டி அந்த அம்மாவின் தக்காளித் தோட்டத்தில் விழுந்து, கிணற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. மாதம்மா சொம்பில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து, அப்போதிருந்த மேனேஜரிடம், “ஒரு வாய் குடிச்சிப் பாருங்க சார்” என்று நீட்டியது. மேனேஜர் செக்யூரிட்டியைத் தேடினார். சொம்பை வாங்கியது, மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள். வாயில் வைத்துத் துப்பிவிட்டு, “நம்ம வூட்டு அழுக்குத் தண்ணிய அடுத்த வூட்டு வாசல்ல ஊத்துவோமாங்க சார்?” என்றீர்கள். மேனேஜர் உள்ளே போய்விட்டார்.

யாரும் உத்தரவு போடவில்லை. கிடங்கில் கிடந்த பழைய குழாய்களை வைத்து, இரண்டு வாரத்தில் அந்த மிச்சத் தண்ணீரை மொட்டைமாடியில் தனித் தொட்டிக்கு ஏற்றினீர்கள். எல்லா அறைகளின் கழிப்பறை ஃப்ளஷுக்கும் தரை துடைக்கவும் அதுதான். தோட்டத்துப் பக்கம் ஒரு சொட்டுப் போகவில்லை.

அப்போது உங்களை அதிகம் திட்டியது நான்தான். அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டுக் கழிப்பறைக் கோப்பைகளில் வெள்ளை வெள்ளையாகப் படிய ஆரம்பித்தது. தேய்த்துத் தேய்த்து என் பெண்களுக்கு முழங்கை விட்டுப்போனது. “உங்களுக்கென்னங்கண்ணா, வால்வைத் திருப்பிட்டுப் போயிடறீங்க. முட்டி போட்டுத் தேய்க்கறது யாரு?” என்று எல்லோர் எதிரிலும் கத்தினேன். மறுநாள் காலை உங்கள் ஊர் பொம்மிடியிலிருந்து வண்டியில் ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, லுங்கியை மடித்துக் கட்டி, 204ஆம் அறைக் கழிப்பறையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும், “சூப்பர்வைசரம்மா, நெசமாவே கஷ்டமான வேலதாங்க” என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபமும் போகவில்லை.

பிறகு என் ஆட்களில் ஒருத்திதான் வழி கண்டுபிடித்தாள். சமையலறையில் ரசத்துக்குக் கரைத்துவிட்டுக் கொட்டுகிற புளிச் சக்கையைக் கொண்டுவந்து அப்பி, அரை மணி ஊறவைத்துத் தேய்த்தாள். உப்புப் படிவு விட்டது. அன்றிலிருந்து தினமும் ஒரு வாளி புளிச் சக்கை மாடிக்கு வரும். அறையெல்லாம் கொஞ்ச நேரம் ரச வாசனை அடிக்கும். அந்த ஏற்பாட்டுக்குத்தான் சான்றிதழ் வந்தது. அதை வாங்க முதலாளி வீட்டில் எல்லோரும் சென்னைக்குப் போனார்கள். உங்களை மட்டும், ஜெனரேட்டரில் ஏதோ சத்தம் வருகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டுப் போனார்கள். உங்களுக்கு அது உறைக்கவே இல்லை. இன்றைக்கும் எனக்கு எரிகிறது.

நெஞ்சு வலி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இரண்டாம் மாதம் புது மேனேஜர் வந்தார். கழிப்பறையில் கறை என்று ஒரு விருந்தினர் இணையத்தில் எழுதினாராம். வால்வு மூடப்பட்டது. தண்ணீர் பழையபடி மதிலைத் தாண்டியது. எங்களுக்கு நீல நிற ஆசிட் கேன்கள் வந்தன. அறைக்கு அறை, ‘தண்ணீரைச் சேமிப்போம், துண்டை மறுபடி பயன்படுத்துங்கள்’ என்று இலை படம் போட்ட அட்டை மட்டும் அப்படியே இருந்தது.

உங்களிடம் மறைக்க மாட்டேன். வால்வை மூடிய அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது. தேய்க்கிற வேலை பாதியாகிவிட்டதே என்றுதான் தோன்றியது. மாதம்மாவின் செடிகள் இலை ஓரம் கருகி நிற்பதை மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து தினமும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ஒரு தாளைக் கொடுத்தார். “வால்வை இன்னைக்கு மட்டும் தொறந்திருக்கோம். அவரோட வேலை பாத்தவங்க நீங்க. தணிக்கைக்கு வர்றவங்க முன்னால இதப் படிச்சீங்கன்னா அவங்களுக்குத் திருப்தியா இருக்கும்” என்றார். தாளில் நீங்கள் கண்ட கனவு, இன்றும் அது தொடர்கிறது என்றெல்லாம் எழுதியிருந்தது. என் பெண் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். என் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. படித்துவிடலாம் என்றுதான் மாடிக்குப் போனேன்.

தணிக்கைக்கு வந்த அம்மாள் தொட்டியை எட்டிப் பார்த்தார். வறண்டு கிடந்த அடியில் அப்போதுதான் ஒரு சாண் தண்ணீர் ஏறியிருந்தது. “தினமும் இப்படித்தானா?” என்று கேட்டார். வார்த்தை தன்னால் வந்துவிட்டது. “இல்லைங்க மேடம். நாலு மாசமா மூடிக் கெடந்துச்சு. இன்னைக்குக் காலைலதான் தொறந்தாங்க. தண்ணி எங்க போச்சுன்னு பாக்கறதுன்னா என்கூட வாங்க.” மேனேஜர் என்னென்னவோ சொன்னார். நான் படியிறங்கிவிட்டேன். பின்னாலேயே அவர்கள் வந்தார்கள்.

சான்றிதழைப் புதுப்பிக்கவில்லை. வால்வு திறந்தே இருக்க வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு மெமோ வந்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரைக் கெடுத்தேனாம். வேலைக்கு வர வேண்டாம், மூன்று நாளில் விளக்கம் எழுது என்கிறார்கள். யார் கெடுத்தது அந்தப் பெயரை? கிணற்றைக் கெடுத்தவர்களுக்கு மெமோ கொடுக்க ஆளில்லை. விளக்கம் எழுத எடுத்த தாளில்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனபோது மாதம்மா கருகிய செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தது. நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டது. நன்றி எதுவும் சொல்லவில்லை. மற்றவர்கள் மதில் பக்கம் போனதும் என்னைப் பார்த்து, “உனக்கு மொதல்லயே தெரியுமில்ல? அப்பவே சொல்லியிருந்தீன்னா ஒரு காய்ப்பாவது எடுத்திருப்பேனே” என்றது. திட்டுகிற குரல்கூட இல்லை.

மெமோவுக்கு என்ன பதில் எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். மாதம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை, அண்ணா.